இருவருக்கென்று இரண்டு நாட்கள்



முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். 2008 இல் திருமணமானவர். இயக்கத்துக்குப் பிடித்துச் சென்றுவிடுவார்களே என்ற பயத்தில் இரு வீட்டாரும் ஒரு கிழமைக்குள் செய்துவைத்த திருமணம். அடுத்த வருடமே எல்லாவற்றையும் விட்டு ஓட்டம். பின்னர் செட்டிகுளம் முகாம். கணவர் தடுப்பில் இருந்து வெளியே வரும்போது மூத்த பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது. அதன் பிறகு தறப்பாள், தகரக் கொட்டில், வீட்டுத்திட்ட வீடு என்று வாழ்க்கை நகர்ந்திருக்கிறது. இப்போது மூன்று பிள்ளைகள், கூடவே மாமி. போன மாதம் கணவர் ஒருநாள், மலைப்பக்கம் ஏரிக்கரை ஊர் ஒன்றில் இரண்டு பேருமாக இரண்டு நாள் இருந்துவிட்டு வருவோமா என்று கேட்டாராம். இவருக்கு ஆசையாகவும் இருந்திருக்கிறது, வெட்கமாகவும் இருந்திருக்கிறது. இந்த வயதில் போனால் ஊர் என்ன சொல்லும், எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும், பதுளையில் இருக்கிற நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

வெட்கம் என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். கணவனும் மனைவியும் தனித்திருப்பது பணக்காரர்களின் பழக்கம் என்றோ, சினிமாக்காரர்களின் கூத்து என்றோ நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அப்படி நினைக்கும்படி நம்மைப் பழக்கியது வாழ்ந்த இடங்கள் தான். முகாமில் ஒரு கூடாரத்துக்குள் முன்பின் தெரியாத குடும்பங்களும் சேர்ந்து படுத்தார்கள். ஒரு சொல்லைச் சொல்வதென்றாலும் காதோடு சொல்ல வேண்டும். மலையகத்தில் எங்கள் பெண்களுக்கு இது நூற்றைம்பது வருடப் பழக்கம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் தாத்தா, பாட்டி, பிள்ளைகள், புதிதாய் மணமுடித்த மகனும் மருமகளும் என எல்லோரும் இருப்பார்கள். நடுவில் ஒரு பழைய சேலை மறைப்பாகத் தொங்கும். அந்தச் சேலைக்குப் பின்னால் தான் எத்தனையோ பேரின் இல்லறம் நடந்தது. போருக்குப் பின் இந்திய உதவியுடன் வந்த 50,000 வீடுகளில் 46,000 வடக்கு கிழக்குக்கும் 4,000 மலையகத்துக்கும் என ஒதுக்கப்பட்டன. வீடு கிடைத்தவர்களுக்கு அறையும் கிடைத்தது. ஆனால் அந்த அறையில் நெல்மூட்டையும் பிள்ளைகளின் புத்தகங்களும் இருக்க, தாய் பெண்பிள்ளைகளோடும் தகப்பன் விறாந்தையிலுமாகப் படுக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

ஆகவே ஊர் என்ன சொல்லும் என்பதைப் பிறகு பார்ப்போம். போகலாம் என்பது தான் என் பதில். எப்படிப் போவது என்பதில் தான் யோசிக்க வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் ஏரி. மலை, ஏரி, படகு என்ற படம் சினிமாவிலிருந்து நம் மனதில் ஒட்டிக்கொண்டது. கொடைக்கானல் ஏரி 1863 இல் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓடையை மறித்துக் கட்டியது. ஊட்டி ஏரியும் அப்படித்தான். நமது நுவரெலியாவின் கிரகரி வாவி 1873 இல் ஆளுநராக இருந்த கிரகரியின் காலத்தில் வெட்டப்பட்டது. ஏரி பார்த்தே ஆகவேண்டும் என்றால் நுவரெலியாவுக்குத் தான் போகவேண்டும். ஆனால் ஏப்ரல் மாதத்தில் மட்டும் போகாதீர்கள். வசந்தகாலக் கொண்டாட்டம் என்று கொழும்பே அங்கே வந்துவிடும். ஒரு அறைக்குக் கேட்கும் காசில் ஒரு மாதச் சாமான் வாங்கலாம். என்னைக் கேட்டால், இரண்டு பேர் ஆறுதலாக இருந்து கதைப்பதற்குப் படகு தேவையில்லை. ஊவாப் பக்கம் அருவிகள் இருக்கின்றன, ரயில் இருக்கிறது, விலையும் கொஞ்சம் கைக்கு அடக்கம். முக்கியமாகப் பதுளையிலும் பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் கடைவீதியில் தமிழில் பேசிச் சமாளிக்கலாம்.

எப்போது வருவது? ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வரவேண்டாம். அந்த மாதங்களில் தான் வாடைக்காற்று மழையை எங்கள் மலைகளில் கொட்டுகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனது அந்தப் பருவத்தில் தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பதுளை மாவட்டம் மிக மோசமாக அடிவாங்கிய இடங்களில் ஒன்று. மலைநாட்டு ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தது. ஆகவே எந்த மாதத்தில் வந்தாலும், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மழை என்று கேள்விப்பட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மண்சரிவு எச்சரிக்கை பற்றி அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தில் கேட்கலாம்.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். மட்டக்களப்புச் சகோதரிகளுக்குக் கச்சான் காற்று தெரியும். உடம்பை வறட்டி எடுக்கும் அந்தக் காற்று மேற்கே மழையைக் கொட்டிவிட்டு எங்கள் மலையைத் தாண்டித்தான் உங்களிடம் இறங்குகிறது. இங்கே அது கொழுந்தை வாட்டும்போது தான் ஊவாத் தேயிலைக்கு அந்தப் பெயர்பெற்ற வாசனை வருகிறது. பகலில் வெயில், இரவில் குளிர். ஹப்புத்தளையில் இரவுக்குக் கம்பளிச் சட்டை இல்லாமல் முடியாது. வன்னி வெயிலுக்குப் பழகியவர்கள் இதை விளையாட்டாக எடுக்கவேண்டாம்.

வழியைப் பற்றி. வன்னியிலிருந்து வருபவர்களுக்கு வவுனியா, கண்டி, பதுளை என்பது தெரிந்த பாதை. நேரடி பஸ் உண்டா என்று டிப்போவில் விசாரியுங்கள். வெள்ளிக்கிழமை விடிய முன் புறப்பட்டால் இரவுக்குள் இங்கே இருக்கலாம். மட்டக்களப்பிலிருந்து வருவது இன்னும் சுலபம். செங்கலடிச் சந்தியில் தொடங்கும் பதுளை வீதியைத் தெரியாத பெண் அங்கே இல்லை. கரடியனாறு, புல்லுமலை என்று அந்த வீதியின் ஊர்ப்பெயர்கள் எல்லாம் ஒரு காலத்தில் சோதனைச்சாவடியும் இடப்பெயர்வுமாகத் தான் நம் காதில் விழுந்தன. பதுளை வீதியில் பிறந்து, பதுளையைக் காணாதவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அந்த வீதி அப்படியே மஹாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஏறி எங்கள் ஊரில் வந்து முடிகிறது. அரைநாள் பயணம். மஹாஓயாவில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, நேரம் இருந்தால் இறங்கிப் பாருங்கள்.

தங்குமிடத்துக்கு எல்ல என்ற ஊரின் பெயரைத் தான் எல்லோரும் சொல்வார்கள். அழகான ஊர், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே விலை வெளிநாட்டுக்காரருக்குப் போட்ட விலை. சாப்பாடும் அப்படியே. பதுளை நகரிலோ பண்டாரவளையிலோ ஹப்புத்தளையிலோ சிறு விடுதிகள் இருக்கின்றன. முதலில் தொலைபேசியில் கேளுங்கள். அறைக்கா, ஆளுக்கா, காலைச் சாப்பாடு சேர்த்தா, சுடுதண்ணீர் உண்டா என்று நான்கையும் கேட்டு, சொன்ன தொகையை எழுதிவையுங்கள். இருவரின் அடையாள அட்டையும் கட்டாயம் வேண்டும். விவாகப் பதிவின் நகல் ஒன்றும் பையில் இருந்தால் வீண் கேள்வி குறையும். போய்ச் சேர்ந்ததும் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கதவில்லாத இடங்களில் எத்தனையோ வருடங்கள் படுத்தவர்கள் நாம். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நித்திரை கொள்வது என்பதே சிலருக்கு முதல் அனுபவமாக இருக்கும்.

செலவுக்குக் கடன் எடுக்காதீர்கள். கிழமைக்குக் கிழமை வீடு தேடி வரும் நுண்கடன்காரரிடம் எந்தக் காரணத்துக்காகவும் இதற்கென்று கை நீட்டவேண்டாம். பத்துப் பெண்கள் சேர்ந்து சிறு சீட்டுப் போடுங்கள். அல்லது கோழி முட்டைக் காசை ஆறு மாதம் தனியாக ஒரு டப்பாவில் போடுங்கள். கணவரும் தன் பங்குக்குப் போடட்டும். ஆறு மாதம் சேர்க்கிற அந்தக் காலமும் பயணத்தில் ஒரு பகுதி தான். எங்கே போகலாம் என்று இருவரும் கதைப்பீர்கள் அல்லவா?

இனி வீட்டில் சொல்வது. மாமியிடம் ஒளித்துப் போகாதீர்கள். கோயிலுக்குப் போகிறோம், கிளினிக்குக்குப் போகிறோம் என்ற பொய்யும் வேண்டாம். பொய் வெளிப்பட்டால் தவறு செய்தவர்கள் போல நிற்கவேண்டி வரும். கணவர் தன் தாயிடம் நேராகச் சொல்லட்டும். மருமகள் சொன்னால் ஒருவிதமாகவும் மகன் சொன்னால் இன்னொருவிதமாகவும் கேட்பது மாமிமாரின் இயல்பு. பிள்ளைகளை யாரிடம் விடுகிறோம் என்பதில் மட்டும் இரக்கம், முகதாட்சண்யம் பார்க்கக்கூடாது. பெண்பிள்ளையாக இருந்தாலும் ஆண்பிள்ளையாக இருந்தாலும், குடிக்கிற ஆண் இருக்கிற வீட்டில் இரவு விடாதீர்கள். நம்பிக்கையான ஆள் இல்லை என்றால் பயணம் பொறுக்கலாம்.

இன்னொரு விஷயம். வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இருக்கும் பல குடும்பங்களின் வேர் எங்கள் தோட்டங்களில் இருக்கிறது. 1977 கலவரத்திலும் 1983 இலும் அடிபட்டு வடக்கே போனவர்களின் பிள்ளைகள் நீங்கள். பதுளை என்றதும் அம்மா பிறந்த லயத்தைப் பார்க்கவேண்டும், சித்தப்பா வழியில் யாரோ பசறையில் இருக்கிறார்கள் என்று தோன்றும். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு இன்னொரு முறை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தோட்டத்துச் சனத்தின் உபசாரம் உங்களுக்குத் தெரியாது. வந்தவர்களை ரொட்டியும் சம்பலும் தந்து இரவு தங்கவைத்து, விடிந்ததும் அடுத்த லயத்துக்கு அழைத்துப்போவார்கள். கணவர் ஆண்களோடு திண்ணையில் இருப்பார். நீங்கள் அடுப்படியில் புகையில் இருப்பீர்கள். இருவருக்கென்று வந்த இரண்டு நாள் அங்கேயே முடிந்துவிடும்.

சனிக்கிழமைக்கு ரயிலைச் சொல்வேன். பதுளை தான் கடைசி ஸ்டேசன், 1924 இல் திறந்தது. இங்கிருந்து புறப்படும் ரயில் காலியாக நின்று ஆட்களை ஏற்றும் என்பதால் நெரிபடாமல் ஏறி ஜன்னல் ஓரம் உட்காரலாம். செயற்கைக் கால் உள்ளவர்களுக்கும் உடம்பில் துண்டு இருந்து நோவு தருபவர்களுக்கும் இது பெரிய வசதி. மூன்றாம் வகுப்பே போதும். புயலுக்குப் பின் எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்பதை முதல்நாளே ஸ்டேசனில் கேட்டுவிடுங்கள். ரயில் இல்லாவிட்டால் ஹப்புத்தளைக்குப் பஸ் இருக்கிறது. தெமோதரையில் பாதை ஒரு வட்டம் சுற்றி, தன் ஸ்டேசனுக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழைந்து போகும். அதையடுத்து ஒன்பது வளைவுப் பாலம், 1921 இல் இரும்பு இல்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் கட்டியது. படம் எடுப்பதற்காக ரயில் வாசலில் தொங்கி உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருந்து பார்த்தாலும் அதே பாலம் தான்.

ஹப்புத்தளையில் இறங்கினால் அடிஷாம் மாளிகை இருக்கிறது. தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1931 இல் கட்டியது, இப்போது கத்தோலிக்கத் துறவிகளின் மடம். சனி, ஞாயிறுகளில் பார்க்க விடுவார்கள். அவர்கள் செய்யும் பழ ஜாம் நன்றாக இருக்கும். மாமிக்கு ஒரு போத்தல் வாங்குங்கள். லிப்டன் 1890 இல் தொடங்கிய தம்பேதன்னத் தொழிற்சாலைப் பக்கம் பஸ்ஸில் போய், அங்கிருந்து லிப்டன் சீட் மேட்டுக்கு நடக்கலாம். ஏழு கிலோமீற்றர் ஏற்றம். முடியாதவர்கள் முச்சக்கர வண்டி பிடிக்கலாம், விலையை முதலே பேசிக்கொள்ளுங்கள். காலையில் போகவேண்டும், பத்து மணிக்குப் பிறகு மூடுபனி எல்லாவற்றையும் மூடிவிடும். வழியில் கொழுந்தெடுக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை அவர்கள் போராட வேண்டியிருந்தது. தேயிலைச் செடிக்குள் ஓடி விளையாடுவதும் வேண்டாம், அட்டை கடிக்கும்.

ஞாயிறு காலையில் துன்ஹிந்தவுக்குப் போகலாம். பதுளை நகரிலிருந்து ஐந்து கிலோமீற்றர். வண்டியை விட்டு இறங்கியபின் ஒன்றரைக் கிலோமீற்றர் காட்டுப்பாதை, படிகள் இருக்கின்றன, கால் ஏலாதவர்களுக்குச் சிரமம். 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் புகையாக எழும். குளிக்க இறங்காதீர்கள். இவ்வளவு போதும். ஒரு நாளில் ஐந்து இடம் பார்த்துத் திரும்புவது வேறு வகைப் பயணம். பின்னேரம் அறையில் சும்மா இருப்பதற்கும் காசு கொடுத்துத் தான் வந்திருக்கிறீர்கள்.

இந்தப் பாதையில் தெரிந்துகொண்டு வரவேண்டியவையும் சில உண்டு. தியத்தலாவை இராணுவப் பயிற்சி ஊர். ஸ்டேசனிலும் பஸ்ஸிலும் சீருடைகளைக் காண்பீர்கள். தடுப்பில் இருந்து வந்த கணவரின் முகம் அந்த இடத்தில் இறுகினால் ஏன் என்று குடையாதீர்கள். பக்கத்தில் இருங்கள், ரயில் கடந்துவிடும். 1900 இல் ஆபிரிக்காவில் பிடித்த போயர் யுத்தக் கைதிகளை வெள்ளைக்காரன் கொண்டுவந்து அடைத்ததும் இதே தியத்தலாவையில் தான். பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ. அங்கிருந்த புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25 அன்று நம் பிள்ளைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். பஸ்ஸின் ஜன்னலில் அந்தப் பெயர்ப்பலகை திடீரென்று வந்து நிற்கும். அங்கே தம்பியையோ அண்ணனையோ பறிகொடுத்தவர்கள் முன்கூட்டியே கணவரிடம் சொல்லிவையுங்கள். வேண்டுமானால் இறங்கி ஒரு பூ வைத்துவிட்டுப் போங்கள். வேண்டாம் என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம். இரண்டும் சரியே.

கதைப்பது பற்றி. பதினாறு, பதினேழு வருடம் பேசாததை இரண்டு நாளில் பேசித் தீர்க்க முடியாது. தடுப்பில் என்ன நடந்தது என்று அவரிடமோ, முகாமில் உனக்கு என்ன நடந்தது என்று உங்களிடமோ கட்டாயப்படுத்திக் கேட்பதற்கு இது இடமல்ல. தானாக வந்தால் கேட்கலாம். கடன், காணி, பிள்ளையின் பரீட்சை மூன்றையும் இருட்டிய பின் எடுப்பதில்லை என்று ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். முதல்நாள் இருவருக்கும் பேச்சு வராது. வந்ததே வீண் என்றும் தோன்றும். பயப்படவேண்டாம், பழக்கமில்லாத அமைதி அது. அறை எடுத்தாயிற்று என்பதற்காக மனைவியின் உடலுக்குக் கட்டளை இடலாம் என்று எந்தக் கணவரும் நினைக்கக்கூடாது. போரில் உடலாலும் மனதாலும் காயப்பட்ட பெண்களுக்கு நெருக்கம் என்பது மெல்ல மெல்லத் திரும்பி வருவது. சிலருக்குத் தோளில் சாய்ந்து தேநீர் குடிப்பதே போதும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதை வீட்டிலேயே, புறப்படுமுன் சொல்லிவிடுவது நல்லது.

குடித்துவிட்டு அடிக்கிற கணவரோடு மட்டும் இந்தப் பயணம் வேண்டாம். தெரியாத ஊரில் பூட்டிய அறையில் உங்களுக்கு அயலும் இல்லை, உறவும் இல்லை. இடம் மாறினால் குணம் மாறும் என்று சொல்லி அழைத்தாலும் போகாதீர்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அதை மனப்பாடம் செய்துவையுங்கள்.

இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் துணையை இழந்தவர்களும் இன்னமும் தேடிக்கொண்டிருப்பவர்களும் அதிகம். அவர்களுக்கு இது நோகும் என்பதால் எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். சென்ற வருடம் மட்டக்களப்பிலிருந்து இரண்டு சகோதரிகள் இங்கே வந்திருந்தார்கள். இருவரும் கணவரை இழந்தவர்கள், ஒரே சங்கத்தில் நெசவு செய்பவர்கள். துன்ஹிந்தப் பாதையில் சோளம் வாங்கித் தின்றுகொண்டே ஏறினார்கள். வெள்ளைச் சேலைக்குப் பொருந்துமா என்று யாரும் இங்கே கேட்கவில்லை. மேலே சொன்ன பஸ்ஸும் ரயிலும் தாழ்ப்பாளும் அவர்களுக்கும் உரியவை தான்.

திரும்பும்போது ஞாயிறு பின்னேரம் பஸ்களில் கூட்டம் அதிகம். விடுமுறை முடிந்து போகும் தோட்டத்துப் பிள்ளைகளும் கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்களும் ஒன்றாகப் புறப்படும் நேரம் அது. மதியத்துக்கு முன்னரே பஸ் நிலையத்துக்குப் போய் இரவு பஸ்ஸுக்கு ஆசனம் சொல்லிவிட்டு, பிறகு போய்ச் சாப்பிடுங்கள்.